கடல் கடந்த படிப்பும் கதவடைக்கும் ஆட்சிகளும்

அயல்நாடுகளுக்குப் படிக்கச் செல்லும் மாணவர்களைப் பற்றி வல்லரசுகள் பேசிவரும் பேச்சைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம். ஒரு நாடு, இத்தனை பேருக்கு மேல் வராதே என்கிறது. இன்னொரு நாடு, வருவதானால் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவிட்டு வா என்கிறது. மற்றொரு நாடோ, நீ யாரோடு பேசினாய், என்ன எழுதினாய் என்பதையெல்லாம் எங்கள் அதிகாரி பார்க்கும்படி திறந்து வை. விசாவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்கிறது.

கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிற்று. அதே மாதம் முதல் பிரிட்டன், ஆராய்ச்சி மாணவர் போன்ற சிலரைத் தவிர ஏனையோர் குடும்பத்தாரை அழைத்து வருவதைத் தடுத்தது. அமெரிக்கா 2025 மே மாதக் கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே நிறுத்தி வைத்தது. ஜூன் மாதம் மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பம் போடுகிறவர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டது.

வீட்டு வாடகை ஏறிவிட்டது என்கிறார்கள். உள்ளூர்க்காரனின் வேலை பறிபோகிறது என்கிறார்கள். அத்தனையும் பொய் என்று நாம் வாதாட வரவில்லை. கனடாவில் வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதை அங்கே ஒரே அறையில் நான்கு பேராய்ப் படுத்திருக்கும் நம் பிள்ளைகளே சொல்வார்கள். ஆனால் நாம் கேட்கிறோம்: வீட்டு வாடகைக்கும், ஒரு மாணவன் எழுதிய கருத்துக்கும் என்ன தொடர்பு? வேலைத் தட்டுப்பாட்டுக்கும், அவன் யாரோடு நட்புக் கொண்டான் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

காரணம் வேறு. மாணவன் படிப்பதைக் கண்டு எந்த ஆட்சியும் அஞ்சுவதில்லை. அவன் பழகுவதைக் கண்டுதான் அஞ்சுகிறது. வீட்டிலும் ஊரிலும் இருந்திருந்தால் ஒருநாளும் சந்தித்திருக்க முடியாத ஒருவனை, அயல்நாட்டு விடுதியில் அடுத்த அறையில் அவன் சந்திக்கிறான். அந்தச் சந்திப்பு என்ன செய்யும் என்பதை எந்த மந்திரி சபையும் முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. இது நம் கற்பனையன்று. ஒரு சாம்ராஜ்யமே இந்தக் கணக்கில் தவறி வீழ்ந்த வரலாறு இருக்கிறது. அதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

சாலசார் தந்த இல்லம்

1944-ஆம் ஆண்டு. போர்ச்சுகலைச் சர்வாதிகாரி சாலசார் ஆண்டுகொண்டிருந்தார். ஆப்பிரிக்காவில் அங்கோலா, மொசாம்பிக், கினி, கேப் வெர்டி தீவுகள், சாவோ தோமே தீவு. நம் பக்கத்தில் கோவா, டாமன், டையூ - இத்தனையும் அவர் பிடியில். அங்கோலாவும் மொசாம்பிக்கும் எவ்வளவு பெரிய நாடுகள்! அங்கே ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை. 1962-இல்தான் உயர்கல்விக்கு வழி செய்யும் ஆணையே பிறந்தது. அதுவரை, டாக்டராகவோ எஞ்சினீயராகவோ ஆக விரும்பியவன் கப்பலேறி லிஸ்பனுக்கோ கொயிம்பிராவுக்கோ போனாக வேண்டும்.

அப்படிப் போனவர்களில் வெள்ளைக் குடியேறிகளின் பிள்ளைகளே மிகுதி. கறுப்பு இளைஞர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஆப்பிரிக்கன் ஒருவனுக்குக் குடியுரிமை வேண்டுமானால், அவன் ‘நாகரிகம் அடைந்தவன்’ என்று சர்க்கார் ஒப்புக்கொள்ள வேண்டும். 1950-இல் அங்கோலாவில் அப்படி ஒப்புக்கொள்ளப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை!

லிஸ்பனுக்கு வந்த மாணவர்கள் அங்கோலாக்காரருக்கு ஓர் இல்லம், மற்றவர்க்கு வேறு இல்லம் என்று தனித்தனியே வைத்திருந்தார்கள். சாலசார் ஆட்சி யோசித்தது. தனித்தனியே விட்டுவைப்பதைவிட எல்லோரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தால் கண்காணிப்பது எளிது. ‘நாமெல்லோரும் ஒரே பேரரசின் பிள்ளைகள்’ என்ற எண்ணமும் வளரும். நாளைக்கு ஊர் திரும்பி விசுவாசமான அதிகாரிகளாக இருப்பார்கள். இந்தக் கணக்கோடு 1944-இல் பிறந்ததுதான் ‘சாம்ராஜ்ய மாணவர் இல்லம்’. சாப்பாட்டுக் கூடம், மருத்துவ உதவி, நூலகம், விளையாட்டு, நடனம் என்று எல்லாம் உண்டு. 1948 முதல் ஒரு செய்தி ஏடும் வந்தது.

அந்த இல்லத்தில் யார் யார் கூடினார்கள் தெரியுமா? 1945-இல் விவசாயப் பொறியியல் படிக்க வந்தார் அமில்கார் கப்ரால். கினியில் பிறந்தவர், கேப் வெர்டித் தீவுக் குடும்பத்தவர். 1947-இல் மருத்துவம் படிக்க வந்தார் அங்கோலாவின் அகோஸ்டின்ஹோ நெட்டோ. மொழியியல் படிக்க வந்தார் மரியோ பின்டோ டி ஆண்ட்ராடே. மொசாம்பிக்கிலிருந்து மார்செலினோ டோஸ் சான்டோஸ் வந்தார். 1951-இல் கவிஞர் நொயேமியா டி சூசா வந்தார். சாவோ தோமேயிலிருந்து ஆல்டா எஸ்பிரித்தோ சான்டோ வந்தார். பட்டம் பெறவும் பிழைக்க வழி தேடவும் வந்த பிள்ளைகள். ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். லுவாண்டாவுக்கும் மொசாம்பிக்குக்கும் நடுவே ஒரு கண்டத்தின் அகலம் கிடக்கிறது!

ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

அவரவர் ஊரின் துன்பம் அவரவருக்குத் தெரியும். அங்கோலாக்காரனுக்கு, ஒப்பந்தக் கூலி என்ற பெயரில் ஆளைப் பிடித்துக்கொண்டு போகும் கொடுமை தெரியும். சாவோ தோமேக்காரனுக்கு, அப்படிப் பிடிபட்டவர்கள் தன் தீவின் கோகோத் தோட்டத்தில் வந்து சாவது தெரியும். கேப் வெர்டிக்காரனுக்கு, 1940-களில் இரண்டு முறை வந்து பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போன பஞ்சம் தெரியும். மொசாம்பிக்காரனுக்கு, தன் ஊர் ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துக்குக் கூட்டங்கூட்டமாக அனுப்பப்படுவது தெரியும்.

தனியாக இருந்தவரை, ‘நம் ஊர்க் கவர்னர் பொல்லாதவன், நம் ஊர் மழை பொய்த்தது’ என்று நினைத்துக்கொள்ள இடமிருந்தது. நான்கு ஊர்க் கதையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தபோது, நான்குக்கும் வேர் ஒன்றே என்பது விளங்கிற்று. ஊரில் பிடித்த கூலிக்காரனும் தீவில் செத்த கூலிக்காரனும் ஒரே ஆள்தான் என்பதை, இருவருடைய மக்களும் லிஸ்பனில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டார்கள்!

1951-இல் இவர்கள் இல்லத்துக்கு வெளியேயும் கூடத் தொடங்கினார்கள். எஸ்பிரித்தோ சான்டோ குடும்பத்தின் லிஸ்பன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆப்பிரிக்க ஆய்வு வட்டம் நடந்தது. போர்ச்சுகல் நாட்டு மன்னர்களின் பெயரை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய பிள்ளைகள், தங்கள் மண், தங்கள் மொழி, தங்கள் மக்கள் வாழும் முறை ஆகியவற்றை அங்கேதான் முதன்முதலாக முறையாகப் படித்தார்கள். தாய்நாட்டைப் பற்றிய பாடத்தை அயல்நாட்டில், அதுவும் தம்மை ஆளுகிறவனின் தலைநகரில், ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருந்து கற்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர்கள் வெள்ளையரை வெறுக்கக் கற்கவில்லை. சாலசாரின் சிறையில் போர்ச்சுகல் நாட்டுத் தொழிலாளியும் மாணவனும் வாடுவதை அவர்கள் கண்டார்கள். கப்ரால் தம்முடன் படித்த போர்ச்சுகீசியப் பெண்ணையே மணந்தார். நெட்டோ 1955 முதல் 1957 வரை சிறையில் கிடந்தார். மறுபடியும் பிடிபட்டுக் காவலில் இருந்த அவர் 1962-இல் போர்ச்சுகலிலிருந்து கடல்வழியே தப்பியபோது, தப்ப வழி செய்தவர்கள் போர்ச்சுகீசியப் பொதுவுடைமைக் கட்சியினர். எதிரி ஆட்சியா, மக்களா என்ற வேறுபாட்டை அவர்களுக்குக் கற்பித்தது லிஸ்பன் வாழ்க்கை.

ஆட்சி சும்மா இருக்கவில்லை. 1952-இல் இல்லத்தின் நிர்வாகத்தைத் தன் ஆட்களிடம் ஒப்படைத்தது. ஒற்றர்களை நுழைத்தது. பலன் என்ன? கப்ரால் கினிக்கும் கேப் வெர்டிக்கும் சேர்த்து 1956-இல் கட்சி கண்டார். ஆண்ட்ராடேயும் நெட்டோவும் அங்கோலா விடுதலை இயக்கத்தின் தலைமைக்கு வந்தார்கள். டோஸ் சான்டோஸ் 1962-இல் மொசாம்பிக் விடுதலை முன்னணியை நிறுவியவர்களுள் ஒருவரானார். 1961 ஏப்ரலில் காசாபிளாங்காவில் போர்ச்சுகீசியக் காலனிகளின் இயக்கங்கள் ஒன்றுகூடின. அந்த மாநாட்டில் கோவா விடுதலைக்குப் பாடுபட்டவர்களும் இடம்பெற்றார்கள் என்பது நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி. அதே ஆண்டு டிசம்பரில் கோவா விடுபட்டது.

அங்கோலாவில் போர் மூண்ட 1961-லேயே, ஜூன் மாதத்தில், சுமார் அறுபது ஆப்பிரிக்க மாணவர்கள் போர்ச்சுகலிலிருந்து இரகசியமாக வெளியேறி, ஸ்பெயின் வழியே பிரான்சுக்குள் புகுந்தார்கள். உதவியவர்கள் பிரெஞ்சு, அமெரிக்கப் புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவ இளைஞர்கள்! எங்கிருந்தோ வந்த முகம் தெரியாத நட்பு. அப்படித் தப்பியவர்களில் ஒருவர் ஜோவாகிம் சிசானோ. பின்னாளில் மொசாம்பிக்கின் ஜனாதிபதி. இன்னொருவர் பெட்ரோ பிரெஸ். பின்னாளில் கேப் வெர்டியின் ஜனாதிபதி.

1965-இல் இரகசியப் போலீசை அனுப்பி இல்லத்தை மூடினார் சாலசார். பறவைகள் பறந்த பிறகு கூட்டைப் பூட்டிய கதை! 1974 ஏப்ரல் 25-இல், ஆப்பிரிக்கப் போரில் சலித்துப்போன அவர் நாட்டுப் படை அதிகாரிகளே அந்தச் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1975-இல் மொசாம்பிக், கேப் வெர்டி, சாவோ தோமே, அங்கோலா ஆகிய நான்கும் சுதந்திரக் கொடி ஏற்றின. மாணவர் இல்லத்தில் வாழ்ந்த டாக்டர் நெட்டோ அங்கோலாவின் முதல் ஜனாதிபதி.

விடுதி நட்பு எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. ஆண்ட்ராடேயும் நெட்டோவும் பின்னர் பிரிந்தார்கள். கப்ராலை 1973 ஜனவரியில் சுட்டுக் கொன்றவர்கள் அவர் கட்சியிலேயே இருந்தவர்கள். அங்கோலாவில் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்ட போர் 2002 வரை நீடித்தது. நட்பு வழியைத் திறக்கும். அந்த வழியில் ஒழுங்காக நடப்பது நடப்பவர் பொறுப்பு. ஆனால் வழி திறந்ததா இல்லையா? திறந்தது. திறக்க நினைத்தவன் யாருமில்லை. அதுதான் நாம் சுட்டிக்காட்ட விரும்பும் உண்மை.

கடைக்காரனும் காவற்காரனும்

இப்போது இன்றைய ஆட்சிகளைப் பாருங்கள். அவை அயல்நாட்டு மாணவனை இரண்டு விதமாகத்தான் பார்க்கின்றன. ஒன்று, கடைக்காரன் பார்வை. எவ்வளவு கட்டணம் கட்டுவான்? மற்றொன்று, காவற்காரன் பார்வை. என்ன குழப்பம் செய்வான்? 2023-24-இல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அடுத்த கல்வியாண்டில் 3,63,019 பேர். வேறெந்த நாட்டையும்விட அதிகம். அவர்கள் கொட்டும் டாலரை அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மட்டும் காவற்காரன் வந்து நிற்கிறான்.

2024 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், காசாவில் நடக்கும் கொலைகளை நிறுத்தச் சொல்லி மாணவர்கள் கூடாரம் அடித்தார்கள். அரபு மாணவனும் யூத மாணவனும் ஆசிய மாணவனும் ஒன்றாக அமர்ந்தார்கள். எவரும் எதிர்பாராத கூட்டு! அடுத்த ஆண்டு மார்ச்சில் என்ன நடந்தது? வெளிநாட்டு மாணவர் சிலரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். மாணவர் ஏட்டில் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிய ஆராய்ச்சி மாணவி, குற்ற வழக்கு எதுவும் இல்லாமலேயே தெருவில் வைத்துப் பிடிக்கப்பட்டார். நீதிமன்றம் தலையிட்டு மே மாதம் விடுவித்தது. இந்திய ஆராய்ச்சி மாணவி ஒருவர் விசா ரத்தான செய்தி கேட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனார். அதே மே மாதம், ஹார்வர்டு பல்கலைக்கழகம் அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கவே கூடாது என்று அமெரிக்க அரசு ஆணையிட்டது; மறுநாளே நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது.

அமெரிக்கா சாலசாரின் போர்ச்சுகல் அன்று. நீதிமன்றம் இருக்கிறது, எதிர்த்துப் பேசும் ஏடுகள் இருக்கின்றன. ஆனால் அச்சம் மட்டும் அதே அச்சந்தான். லிஸ்பன் ஒற்றன் சுவரில் காதை வைத்துக் கேட்டான். இன்று மாணவனே தன் சுவரை இடித்து உள்ளே வழிவிட வேண்டும் என்கிறார்கள். இப்படிச் செய்தால், வருகிற மாணவன் என்ன செய்வான்? எவரோடும் சேரமாட்டான், எதையும் எழுதமாட்டான், வகுப்பு, வேலை, அறை என்று தலைகுனிந்து திரும்புவான். அவர்களுக்கு வேண்டியதும் அதுதானே!

கப்பலேறிய சாதி

அயலாரைக் குறைகூறி முடித்துவிட்டால் நமக்கு வேலை எளிது. நம் வீட்டையும் பார்க்கவேண்டாமா?

அதே கொலம்பியாவுக்கு 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு சென்றார் அம்பேத்கர். விடுதியில் அவரோடு தங்கியவர் நவல் பதேனா என்ற பார்சி இளைஞர். அந்த நட்பு வாழ்நாள் முழுதும் நின்றது. 1920-இல் இலண்டனில் விட்ட படிப்பைத் தொடர அம்பேத்கர் புறப்பட்டபோது, கடன் கொடுத்து உதவியவர்களில் பதேனாவும் ஒருவர். இதோடு இன்னொரு காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். 1917-இல் பரோடாவில் உத்தியோகம் பார்க்க வந்த அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். கண்டுபிடித்தவர்கள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். நியூயார்க்கிலும் பார்சி, பரோடாவிலும் பார்சி! அங்கே தோழன், இங்கே தடி. மனிதர்கள் சந்திக்கும் இடம் மாறினால் உறவே மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த மாற்றத்தைத் தேடித்தான் நம் பிள்ளைகள் கடல் கடக்கவேண்டும். ஆனால் நடப்பது என்ன? சாதியையும் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள் சிலர். குடும்பப் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, கடைசியில் எதைக் கேட்க வந்தார்களோ அதைக் கேட்டு, அதன்பிறகு அறையில் இடம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுக்கமாட்டாமல் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் 2022-இல் தங்கள் விதிகளில் சாதியைச் சேர்த்தன. அந்த மாநிலத்தின் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவையோ 2023 அக்டோபரில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். கடல் கடந்த நாட்டில் நம்மவர் கொண்டுபோன பண்டத்துக்குத் தடை போடும் நிலை வந்ததே, இது நமக்குப் பெருமையா?

எல்லா மாணவரையும் நாம் குறை சொல்லவில்லை. வீட்டை அடகு வைத்துப் போனவனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் வகுப்பு, இரவில் கடையிலோ கிடங்கிலோ வேலை. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது, ஆய்வு வட்டம் ஏது? மொழி தெரிந்த நாலு பேரோடு சோறு பொங்கித் தின்று படுத்தால் போதும் என்றிருக்கிறான். ஆகவேதான் உதவித்தொகை என்பது வெறும் கட்டணக் கணக்கல்ல என்கிறோம். கடனில்லாமல் படிப்பவனுக்கே பிறரோடு பழக நேரம் கிடைக்கும்.

நாம் கேட்பது

மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகை 1954-55 முதல் நடந்துவருகிறது. தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கென ஏற்பட்டது. ஆண்டுக்கு 125 இடங்கள். இத்தனை பெரிய நாட்டுக்கு! 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் ஆணை கொடுத்தார்கள். மற்றவர்க்கு நிதி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். கூக்குரல் எழுந்த பிறகே வழி பிறந்தது.

அதனினும் கொடுமை 2022-இல் வந்த விதி. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் ஆகியவை பற்றி ஆராய்வோருக்கு இந்த உதவித்தொகை கிடையாதாம்! 1916 மே மாதம் கொலம்பியாவில் அம்பேத்கர் படித்த ஆய்வுரை எதைப் பற்றியது? இந்தியாவில் சாதிகள் தோன்றி வளர்ந்த விதத்தைப் பற்றியது. அதே பொருளை ஆராய்வதற்காக இன்னோர் அம்பேத்கர் 2022-இல் விண்ணப்பம் போட்டிருந்தால், இந்த விதி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும். லிஸ்பனில் ஞாயிற்றுக்கிழமை கூடிய பிள்ளைகள் படித்ததும் தங்கள் மண்ணையும் மக்களையும் பற்றித்தானே! சாலசார் அஞ்சிய பாடத்துக்கு நம் டில்லி ஏன் அஞ்சவேண்டும்?

ஆகவே நாம் கேட்கிறோம். அந்த விதியை எழுத்திலிருந்தே நீக்குக. 125 என்ற எண்ணைப் பலமடங்காக்குக. தேர்வானவர் பட்டியலையும் பணத்தையும் ஒரே நாளில் வெளியிடுக. அயல்நாட்டில் நம் மாணவன் எழுதியதற்காகப் பிடிபட்டால், வாய்மூடி இராமல் அவனுக்காகக் குரல் கொடுப்பதும் நம் தூதரகத்தின் கடமை.

கடல் கடந்திருக்கும் நம் மாணவர்களுக்கும் ஒரு சொல். வாரத்தில் ஒரு வேளைச் சோற்றையாவது உங்கள் ஊரும் மொழியும் அல்லாத ஒருவனோடு உண்ணுங்கள். கென்யாக்காரன் தன் ஊர்த் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிப் பேசட்டும். நீங்கள் வால்பாறையைப் பற்றிப் பேசுங்கள். வங்காள தேசத்துப் பெண் தன் ஊர்த் தையல் ஆலையைப் பற்றிச் சொல்லட்டும். நீங்கள் திருப்பூரைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு கதைக்கும் எங்கே வேர் என்று சேர்ந்து தேடுங்கள். பட்டத்தோடு அதையும் ஊருக்குக் கொண்டுவாருங்கள். இங்கே உங்களைக் கேட்பதற்கு ஆளிருக்கிறது.